திறன், நுட்பம், கைவினை, வேலை: அப்பாவுக்கு எந்தச் சொல்?

தச்சர்மகள் கேட்டது:

வணக்கம். என் அப்பா 41 வருஷம் மரவேலை செய்தவர். இப்போது கண் மங்கிவிட்டது, உளியைக் கையில் எடுப்பதில்லை. அவர் சொல்லச் சொல்ல, இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். உளி தீட்டுவது, இழைப்பது, மூட்டு போடுவது எல்லாம் எளிதாக எழுத வந்துவிட்டது. முதல் பக்கத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

'மரக் கைவினைக் கலை' என்று தலைப்பு வைத்துப் படித்துக் காட்டினேன். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "கைவினைன்னா அலமாரியில வைக்கிற பொம்மை. நான் செஞ்சது கதவு. ஆள் போய் வரணும், மழை தாங்கணும். அது வேலை. வேலைன்னே எழுது" என்றார். 'தொழில்திறன்' என்று மாற்றினேன். "அது விண்ணப்பத்துல கேக்குறது" என்றார். 'தொழில்நுட்பம்' என்றேன். "அது மெஷினு." கலை என்றதற்குப் பதிலே இல்லை.

ஒரு நல்ல வேலைக்காரரைப் பற்றிப் பேசும்போது அப்பா திறமைசாலி என்று சொல்லி நான் கேட்டதில்லை. "அவனுக்குக் கை வந்துடுச்சு" என்பார். அவ்வளவுதான்.

இன்னொன்றும் நெடுநாளாக மனதில் இருக்கிறது. சின்ன வயதில் பலகையின் ஒரு முனையில் என்னை உட்காரவைத்து, காவியில் தோய்த்த நூலின் நுனியை என் விரலால் அழுத்திப் பிடிக்கச் சொல்வார். மறுமுனையை இழுத்துப் பிடித்து, நடுவில் தூக்கி விடுவார். டப்பென்று பலகையில் சிவப்பாக ஒரு கோடு விழும். "இதுல ஒரு நூல் தள்ளுனாலும் கதவு உரசும்" என்பார். அந்த 'ஒரு நூல்' என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. கோடு போடுவதும் நூல், அளவும் நூல். பள்ளிக்கூடத்தில் படிப்பதும் நூல். மூன்றும் ஒன்றா என்று அப்போதே கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை.

இந்தச் சொற்கள் எல்லாம் முதலில் என்ன பொருளில் இருந்தன? எவை நம்முடையவை, எவை வந்து சேர்ந்தவை? அப்பாவின் கைக்குப் பொருந்துகிற சொல் எது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மெய்ப்புக்காரர் பதில்:

அம்மா, வணக்கம். நான் 30 வருஷம் மெய்ப்புத் திருத்தியே, அதாவது அச்சுக்குப் போகும் பக்கங்களில் பிழை பார்த்தே காலம் கழித்தவன். சொற்களோடு கிடந்ததால் சேர்ந்த அறிவுதான் என்னுடையது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கைவினையில் தொடங்குகிறேன். அப்பா சொல்வது இன்றைய வழக்குக்கு முற்றிலும் சரி. ஆனால் அந்தச் சொல் பழைய காலத்தில் பொம்மையோடு நிற்கவில்லை. சிலப்பதிகாரத்தில் கோவலன் சிலம்பை விற்கப் போகிறான். எதிரே பொற்கொல்லன் வருகிறான், நூறு பேர் பின்தொடர.

கண்ணுள் வினைஞர் கைவினை முற்றிய
நுண்வினைக் கொல்லர் நூற்றுவர் பின்வர

இரண்டு அடியில் மூன்று வினை. வினைஞர், கைவினை, நுண்வினை. 'முற்றிய' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். முற்றிய மரம் என்று உங்கள் அப்பா சொல்வாரே, அதே முற்று. வைரம் பாய்ந்த மரம்போல முதிர்ந்த கை என்பதுதான் அங்கே பொருள். கைவினை என்பது அன்று கை எட்டக்கூடிய உச்சம். அதை அலமாரிக்குள் வைத்துப் பூட்டியது பிற்காலம்.

வினை என்றால் செய்வது. தமிழின் சொந்தச் சொல். மணிமேகலையில் சோழ மன்னனின் மண்டபம் ஒன்றைக் கட்டியவர்களின் பட்டியல் வருகிறது: மகத வினைஞர், மராட்டக் கம்மர், அவந்திக் கொல்லர், யவனத் தச்சர், இவர்களோடு சேர்ந்து தண்டமிழ் வினைஞர். ஊர் ஊராக வந்தவர்களில் பலருக்குக் கம்மர், கொல்லர், தச்சர் என்று தனித்தனிப் பெயர் கொடுத்த புலவர், மகதத்தாரைப் போலவே தமிழ்நாட்டு ஆட்களையும் வெறுமனே வினைஞர் என்கிறார். செய்கிறவர்கள். அவ்வளவு போதும் என்று நினைத்திருக்கிறார். உங்கள் அப்பா "வேலைன்னே எழுது" என்றதைப் படித்தபோது எனக்கு இந்த அடிதான் நினைவுக்கு வந்தது.

அந்தப் பட்டியலில் உள்ள கம்மர், அப்புறம் கம்மியர், கம்மாளர் எல்லாம் வடசொல் வழியில் வந்தவை. கர்மம் என்ற சொல்லோடு சேர்ந்த குடும்பம். பிராகிருதம் என்ற பழைய வடநாட்டுப் பேச்சுமொழியின் வாயில் 'கம்ம' என்று மெலிந்து நம்மிடம் வந்தது. கர்மம் என்றாலும் செய்வது என்றுதான் பொருள். எனக்கு இதில் தீராத வியப்பு ஒன்று உண்டு. இங்கே வினை, அங்கே கர்மம். இரண்டும் 'செய்வது' என்ற பொருளில் தொடங்கி, இரண்டும் கைத்தொழிலாளிக்குப் பெயராகி, இரண்டும் முற்பிறப்பின் பயனுக்கும் பெயராகிவிட்டன. நல்வினை, தீவினை என்கிறோம். கன்மம் என்கிறோம். மனிதன் கையால் செய்வதும் மனிதனைத் தொடர்ந்து வருவதும் ஒரே சொல்லில் இருக்கின்றன. மணிமேகலை அந்த மண்டபத்தைப் புகழும்போது 'கண்கவர் செய்வினை' என்கிறது. இன்று செய்வினை என்றால் ஒருவர் சூனியத்தை நினைப்பார், இன்னொருவர் இலக்கண வகுப்பை நினைப்பார். கண்ணைக் கவரும் வேலைப்பாட்டை நினைப்பவர் யாரும் இல்லை.

இப்போது முக்கியமான இடம். 'அவனுக்குக் கை வந்துடுச்சு' என்று அப்பா சொல்கிறாரே, அதுதான் தமிழில் திறமைக்கு மிகப் பழைய பேச்சு. சங்கப் பாடல்களில் அது 'கைவல்' என்று இருக்கிறது. வல் என்றால் முடிதல், மாட்டுதல். பாட வல்லார், ஆட வல்லார் என்பதில் உள்ள வல். வல்லவன், வல்லுநர், வன்மை, வலிமை எல்லாம் அதன் பிள்ளைகள். புறநானூற்றின் 206ஆம் பாட்டில், கதவை அடைத்த வாயிற்காவலனிடம் ஔவையார் கோபமாகச் சொல்கிறார்: மழுவோடு காட்டுக்குள் போகும் தச்சன் பிள்ளைகளுக்கு எந்தப் பக்கமும் மரம் கிடைக்கும், எங்களுக்கும் எந்தத் திசையிலும் சோறு கிடைக்கும். அங்கே தச்சன் பிள்ளைகளுக்கு அவர் தரும் அடைமொழி 'கைவல் சிறாஅர்'. புலவர் தன் புலமையைச் சொல்ல எடுத்த உவமை, கை வந்த தச்சுப் பிள்ளைகள். தச்சர் மகளான நீங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

நெடுநல்வாடையில் இன்னும் நெருக்கமாக ஒரு இடம் உண்டு. அரண்மனை வாயிலின் நிலையும் கதவும் எப்படிச் செய்யப்பட்டன என்று நக்கீரர் வரிவரியாகச் சொல்கிறார்.

கைவல் கம்மியன் முடுக்கலின் புரைதீர்ந்து

கை வந்த கம்மியன் முடுக்கியதால் இடைவெளி இல்லாமல் போயிற்று என்பது பொருள். இந்த ஒரு வரியை அப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

நூலைப் பற்றிய கேள்விக்கும் அதே பாட்டில் பதில் இருக்கிறது. அரண்மனைக்கு மனை வகுத்தவர்களை நக்கீரர் 'நூலறி புலவர்' என்கிறார். அவர்கள் 'நுண்ணிதின் கயிறிட்டு' அளந்தார்கள். சிற்ப நூல் அறிந்தவர்கள் கயிறு பிடித்து அளக்கிறார்கள். நன்னூல் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. தச்சனின் நூல் மரத்தின் கோணலைத் தீர்க்கிறது, அதுபோல மாந்தரின் மனக்கோணலைத் தீர்ப்பதால் புத்தகத்துக்கும் நூல் என்று பெயர்.

மரத்தின்
கனக்கோட்டம் தீர்க்குநூ லஃதேபோல் மாந்தர்
மனக்கோட்டம் தீர்க்குநூல் மாண்பு

சின்ன வயதில் உங்கள் விரல் பிடித்திருந்தது இந்த நூலைத்தான். புத்தகத்துக்கு உவமையாக நின்றது உங்கள் அப்பாவின் காவி நூல். அந்த நூலின் பருமனே அளவுக்கும் பெயராகியிருக்க வேண்டும் என்று நான் கொள்கிறேன். ஆகவே மூன்றும் ஒன்றுதான் அம்மா.

மற்றவற்றைச் சுருக்கமாக. திறமும் திறனும் ஒரே சொல்லின் இரண்டு வடிவம், அறம்-அறன், நலம்-நலன் போல. பழைய பொருள் பக்கம், வகை, தன்மை. பரிபாடலில் 'ஒருதிறம்' என்று வந்தால் ஒரு பக்கம். 'திறனறிந்து சொல்லுக சொல்லை' என்று குறள் சொல்லும்போது, கேட்பவரின் தன்மையை அறிந்து பேசு என்பதே கருத்து. ஒன்றின் பக்கங்களை அறிவதிலிருந்து அதைச் செய்யும் ஆற்றலுக்குப் பொருள் நகர்ந்திருக்கிறது. இன்று இயற்பியலில் வாட் கணக்கில் அளப்பதும் திறன். அளக்கலாம், சான்றிதழ் கொடுக்கலாம். அதனால்தான் அப்பாவுக்கு அது விண்ணப்பச் சொல்லாகப் படுகிறது. நுட்பம் என்பது நுண்மையிலிருந்து வந்தது, நுணுக்கத்தின் உடன்பிறப்பு. இழைப்புளியில் தகடு எவ்வளவு வெளியே நீட்டியிருக்க வேண்டும் என்பது நுட்பம். கையேட்டின் உள்ளே அந்தப் பொருளில் தாராளமாக எழுதுங்கள், மெஷினுக்கு விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கடைசியில் வேலை. பழைய இலக்கியத்தில் வேலை என்றால் கடல், கரை, பொழுது. வேளை என்பதும் அதன் இன்னொரு வடிவம். அந்தந்தப் பொழுதுக்குரிய கடமை என்ற வழியில்தான் அது இன்றைய பொருளுக்கு வந்தது என்பது என் எண்ணம். தலைப்பில் அப்பா சொன்னதையே வையுங்கள். முன்னுரையில் கைவல் என்ற சொல்லைக் கொண்டுவாருங்கள்.


வேர்தேடி பதில்:

ஐயா விளக்கியது நிறைவாக இருக்கிறது. ஆனால் கலையை அப்படியே விட்டுவிட்டீர்கள். பலரும் அதை வடமொழி 'கலா' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். கல் என்ற வேரிலிருந்து கல்வி வந்தது, கலையும் வந்தது என்று சொல்வதில் என்ன தடை? கற்பது கலை. பொருள் நேராகப் பொருந்துகிறதே.

தச்சனையும் கொல்லனையும் பற்றிக்கூடச் சொல்லவில்லை. கொல்லன் என்றால் கொல்கிறவன் என்று ஒருவர் எழுதியதைப் படித்து மனம் வருந்தினேன். ஆயுதம் செய்ததால் அப்படிப் பெயராம். உண்மையா?


மெய்ப்புக்காரர் பதில்:

தம்பி, நல்ல கேள்விகள்.

கொல்லன் கொல்கிறவன் இல்லை. கொல் என்பதற்கே கொல்லுத்தொழில் என்ற பொருள் தனியாக உண்டு. புறநானூற்றின் 95ஆம் பாட்டில், பகைவரைக் குத்தி முனை முறிந்த வேல்கள் கிடக்கும் இடம் 'கொல்துறைக் குற்றில்', அதாவது பட்டறையின் சின்ன வீடு. கொல்துறை என்றால் கொலை நடக்கும் துறை இல்லை, கொல்லனின் உலைக்களம். பொன் வேலை செய்கிறவரும் பொற்கொல்லர்தான், அவர் எந்த ஆயுதமும் செய்வதில்லை. ஆனால் 'மரங்கொல் தச்சன்' என்று ஔவையார் பாட்டில் வருவது மற்றக் கொல், மரத்தை வெட்டி வீழ்த்துவது. இரண்டும் வேறு வேறு.

தச்சன் வடசொல்லான 'தக்ஷன்' என்பதிலிருந்து வந்தது. இதைச் சொன்னால் சிலர் வருத்தப்படுகிறார்கள். நான் வருத்தப்படுவதில்லை, ஏனென்றால் அந்தச் சொல்லுக்கு இருக்கும் உறவுகள் பெரியவை. கிரேக்கத்தில் தச்சனுக்கு 'டெக்டோன்'. தொழில் நுணுக்கத்துக்கு 'டெக்னே'. இவை மூன்றும் ஒரே வேரில் பிறந்தவை. டெக்னிக், டெக்னாலஜி எல்லாம் அந்த டெக்னேயின் வழி வந்தவை. ஆகவே அம்மாவின் அப்பா "அது மெஷினு" என்று தள்ளிவிட்ட டெக்னாலஜிக்குள் இருப்பதும் ஒரு தச்சன்தான். யவனத் தச்சர் என்று மணிமேகலை சொல்லும்போது, கிரேக்கத் தச்சருக்கு அவர்களுடைய சொல்லின் உறவுச் சொல்லையே பெயராகக் கொடுத்திருக்கிறது. அது புலவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. எனக்கு அதை நினைக்கும்போதெல்லாம் சிலிர்க்கும்.

கலைக்கு வருகிறேன். கல் என்ற வேரோடு சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு, வடமொழிக் கலா என்பவர்களும் உண்டு. வடமொழியில் கலா என்பதற்குப் பதினாறில் ஒரு பங்கு, சந்திரனின் பிறைக்கூறு என்றும் பொருள்கள் உண்டு, நாமும் சந்திரனின் கலை என்கிறோம். 'கற்பது' என்ற வேரிலிருந்து அந்தப் பொருளுக்குப் போவது எனக்குக் கடினமாகப் படுகிறது. இன்னொன்று: சங்கப் பாட்டில் கலை வந்தால் நான் முதலில் தேடுவது ஆண்மானையோ ஆண்குரங்கையோதான். கைத்தொழிலுக்கு அந்தக் காலத்தார் வினையையும் தொழிலையும் கையையுமே நாடினார்கள். ஆகவே நான் கலா பக்கம். உங்களுக்கு மாறுபட இடம் உண்டு தம்பி, இது தீர்ந்துபோன வழக்கு இல்லை.


ஊசிநூல் பதில்:

நான் தையல்காரன். நூல் பேச்சு வந்ததால் உள்ளே வந்தேன். சிலப்பதிகாரத்தில் தையல்காரர்களுக்குத் 'துன்னகாரர்' என்று பெயர் இருப்பதாக முன்பு படித்தேன், தோல் தைப்பவர் 'தோலின் துன்னர்'. துன்னுதல் என்றால் தைத்தல். அந்தச் சொல்லை இன்று எங்கள் வேலையில் யாரும் சொல்வதில்லை.

எங்கள் பேச்சில் இருப்பது லாவகம். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர், நான் கத்தரியை அழுத்தி வெட்டும்போதெல்லாம் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். "அழுத்தாத, லாவகமா விடு, துணியே வழி காட்டும்" என்பார். லாவகம் என்ன சொல் ஐயா?


மெய்ப்புக்காரர் பதில்:

வடமொழி 'லாகவம்'. லகு என்பதிலிருந்து வந்தது. லகு என்றால் கனமில்லாதது, லேசானது. உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் மணிக்கட்டைப் பிடித்துச் சொன்னது அந்தச் சொல்லின் நேர்ப்பொருளையேதான். வல் என்பது வலுவிலிருந்து கையைப் பார்க்கிறது, லாவகம் கனமின்மையிலிருந்து பார்க்கிறது. இரண்டும் ஒரே கையில் வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் கிராஃப்ட் என்கிறார்களே, அதுவும் முதலில் வலிமையைக் குறித்த சொல்தான். ஜெர்மனில் 'கிராஃப்ட்' என்றால் இன்றும் வலிமை.


தச்சர்மகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி நேற்று மாலை அப்பாவுக்கு அந்த இடத்தைப் படித்தேன். பொருள் எதுவும் சொல்லவில்லை, வரிகளை மட்டும் படித்தேன். 'கைவல் கம்மியன் முடுக்கலின் புரைதீர்ந்து', அடுத்த அடி 'ஐயவி அப்பிய நெய்யணி நெடுநிலை'.

கம்மியன் அவருக்குப் புரியவில்லை. ஐயவி எனக்கே புரியவில்லை, உரையைப் பார்த்து வெண்கடுகு என்று தெரிந்துகொண்டேன். ஆனால் 'முடுக்கலின்' என்றதும் தலையைத் தூக்கினார். "முடுக்குறதா? ஆப்பு வச்சு முடுக்குனா மூட்டு இறுகிடும். புரை இருக்காது" என்றார். புரை என்றால் என்ன என்று நான் விளக்கத் தயாராக இருந்தேன், தேவையே வரவில்லை. அப்புறம் 'நெடுநிலை'யைத் திரும்பச் சொல்லச் சொன்னார். "நிலையா? கதவு நிலையைப் பத்தியா பாட்டு?" என்று கேட்டார். எத்தனை வருஷத்துப் பாட்டு என்றார். ஏறக்குறைய 2000 வருஷம் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டே வாசல் கதவு வரை போனார். நான் பிறந்த வருஷம் அவர் செய்த கதவு அது. கண் தெரியாததால் விரலால் தடவித் தடவி, நிலையின் மேல்மூலையில் இரண்டு சட்டமும் சேரும் இடத்தைக் கண்டுபிடித்தார். என் கையை இழுத்து, கட்டைவிரல் நகத்தை அந்த மூட்டின் மேல் வைத்துக் குறுக்கே ஓட்டினார். "நகம் மாட்டுதா பாரு" என்றார்.

மாட்டவில்லை.

தலைப்பு 'தச்சு வேலை' என்றே இருக்கும். அந்த வரியை முதல் பக்கத்தில் தனியாகப் போடுகிறேன். ஐயா, மெய்ப்பு பார்த்துத் தர முடியுமா?